பொம்மை தேடிய வக்கீல்

சாப்பிட உட்கார்ந்த புருஷன் போனைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"எந்த வக்கீலப் போய்ப் பாத்த?"

திரையில் விளம்பரம். விவாகரத்தா, முதல் ஆலோசனை இலவசம்.

"கொஞ்ச நாளாவே இதான் வருது. பாட்டு கேக்கப் போனா வக்கீல், சமையல் பாக்கப் போனா வக்கீல். வீட்ல ஏதோ நடக்குது, எனக்குத்தான் தெரியல."

விளம்பரத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். அடுத்த நொடி சிரிப்பு வந்தது.

தகவல் பாதுகாப்பு ஆணையத்தில் அவள் விசாரணை அதிகாரி. தேடுதளம், வீடியோ, கடை என்று எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி, ஓரிடத்தில் அறிந்ததை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று அடித்துச் சொல்லியிருந்தது. அதைச் சோதிக்க ஆணையத்தில் 'பொம்மைகள்' உண்டு. இல்லாத ஆட்களின் பெயரில் கணக்கு, ஆளுக்கொரு போன். அவளுடைய பொம்மை புருஷனைப் பிரிய மும்முரமாக வக்கீல் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் பொம்மையின் வீடியோவிலோ கடையிலோ ஒரு வக்கீல் விளம்பரமும் வரவில்லை; கம்பெனி கமுக்கமாக இருந்தது. நாளைக்குள் ஆதாரம் இல்லையென்றால் வழக்கை மூடிவிடுவார்கள்.

பொம்மைப் போன் அலுவலகத்தைத் தாண்டக்கூடாது. வேலை முடியாமல் ஒருநாள் அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வீட்டு வைஃபையில் போட்டாள். ஒரே வைஃபை, ஒரே வீடு என்று கம்பெனி முடிச்சுப் போட, பொம்மை தேடியது இப்போது புருஷனின் வீடியோவில் வந்து நிற்கிறது.

எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்லா சுத்துற காதுல பூ. பொம்மைக்குப் புருஷன் வேறயா?"

"நம்பாட்டி போ. போனக் குடு. நாளைக்கு இதான் சாட்சி."

கத்திக்கொண்டிருந்தவன் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஒரு போட்டோ எடுத்துக்கயேன்."

"போட்டோ செல்லாது. போனையே சீல் வச்சு, உள்ள இருக்குற எல்லாத்தையும் எடுப்பாங்க."

"அழிச்சதையுமா?"

கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"என்னத்த அழிச்ச?"

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் விஷயம். உங்க சண்டைக்கு என் போன ஏன் இழுக்குற?"

கம்பெனி வக்கீல்களும் இதே முகத்தோடுதான் 'வியாபார ரகசியம்' என்பார்கள். அவர்களை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சார், ஆதாரம் கெடச்சிருக்கு. எங்க வீட்லதான், என் புருஷன் போன்ல. பொம்மைப் போன வெளிய கொண்டுவந்தது என் தப்பு, எழுதிக் குடுத்துடறேன். கைப்பற்ற உத்தரவோட ஆளு அனுப்புங்க. நானே எடுத்தா எடுபடாது."

"காலைல அனுப்பினா போதுமா?"

புருஷன் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

"இல்ல சார்," என்றாள். "இப்பவே."