ஈரலில் ஏறிய பழி

ஈரலில் கட்டி என்று ஸ்கேனில் வந்த அன்றே என் புருஷன் அஸ்கரைக் குடிகாரனாக்கிவிட்டார்கள். காத்தான்குடியில் அதற்கு ஒரு பகல் போதும். "பதினெட்டு வருஷம் கத்தார்ல லொறி ஓட்டினவர். அங்க என்னத்தக் குடிச்சாரோ, ஆருக்குத் தெரியும்?" என்று தொடங்கியது என் கூடப்பிறந்த மூத்தவர், முத்தலிப் காக்காதான். அவருடைய வாயை அங்கேயே அடைத்திருக்க வேண்டும். பாவி, நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு என்னுடையது. அஸ்கருக்குக் கோபம் வந்தால் எழுந்து போக வேறு வீடில்லை. பின்கதவால் போய் வாவிக்கரையில் நிற்பார், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேவிட்டேன்.

"குர்ஆன்ல கை வெச்சிச் சொல்லுங்க. குடிச்சீங்களா, இல்லயா?"

"நீ கேக்கிற கேள்வியா புள்ள இது?" என்றார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் முகம் கைகால் கழுவி வுளூ எடுத்து வந்தார். கை வைத்தார். "வல்லாஹி, ஒரு சொட்டும் தொடல்ல." அதன்பின் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. சத்தியம் வாங்கியும் என் மனம் முழுதாகத் தெளியவில்லை. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனையும் ஈரல் புற்றுநோய் என்றே காட்டியது. ஊசி குத்தி எடுத்த சதைத் துண்டும் பார்வைக்கு அப்படியே இருந்ததாம். புதிதாக வந்த பெண் டொக்டருக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"கட்டியத் தவிர ஈரல் நல்லா இருக்கு. உடம்பில இரத்தம் மட்டும் ஏன் இவ்வளவு குறைஞ்சிருக்கு? மலத்தோட இரத்தம் போறதா?"

அஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன்.

"அது மூலம், டொக்டர். ஒரு வருஷமாப் போகுது. நான் கரணைக்கிழங்கு ஆக்கிக் குடுக்கன்."

"ஏனம்மா முதல்லயே சொல்லல்ல?"

என்னத்தைச் சொல்ல? வெளியில் சொன்னால் வெட்கக்கேடு என்று இரண்டு பேருமாக மூடி வைத்தது அது. ஈரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யார் கண்டார்கள்!

குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலிலும் ஒரு கட்டி இருந்தது. சதைத் துண்டைத் திரும்பவும் சோதித்துவிட்டு டொக்டர் எங்களை இருத்திச் சொன்னார்.

"இது குடல்ல தொடங்கி ஈரலுக்குப் பரவின புற்றுநோய். ஆனா பார்க்க ஈரல்ல வாறது மாதிரியே இருக்கும். மிகவும் அரிது."

"குடிச்சு வந்ததா, டொக்டர்?" அவர்தான் கேட்டார்.

"குடிச்சதுக்கு ஒரு அடையாளமும் உங்கட ஈரல்ல இல்ல." டொக்டர் என் பக்கம் திரும்பினார். "ஆனா பிந்திட்டுது. மருந்து குடுத்துப் பார்ப்பம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லி அஸ்கர் அழுதார். பிந்திவிட்டது என்றது அவர் காதில் விழவேயில்லை. என் காதில் அது மட்டும்தான் விழுந்தது. ஒரு வருஷம்! கிழங்கு ஆக்கிக் கொடுத்த ஒரு வருஷம்!

டொக்டர் சொன்னதை அஸ்கர் ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடையில் என் தோளைப் பிடித்தபடி நின்றார்.

"மூணு கொப்பி எடு, புள்ள."

"மூணு என்னத்துக்கு?"

"ஒண்டு ஒன்ட காக்காக்கு. ஒண்டு பள்ளிவாசல் தலைவருக்கு. நான் மவுத்தாகி மண்ணுக்குப் போன பொறகு ஆரும் ஒண்டும் சொல்லப்படா."

"மத்தது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை.

"ஒனக்கு."

கடைக்காரரிடம் தாளை நீட்டினேன். மூன்றையும் வாங்கிக்கொண்டேன்.