விசிறி பிடித்த பெண்

அந்தப் பழைய ஹாலிவுட் காதல் படத்தைத் தேவநாயகம் யாழ்ப்பாணத்தில் நாற்பத்தேழு தடவை பார்த்தவர். நடுவில் அவர் தும்மினால் படத்தை நிறுத்தி, அவர் மூக்கைத் துடைத்த பிறகுதான் தியேட்டர்காரர் மறுபடி ஓட்டுவார்களாம். படத்தின் கீழைத்தேச இளவரசியைப் போல இருந்தபடியால்தான் யாழ்ப்பாணத்துப் பெண்ணான ரூத்தைக் கட்டினார். ஐம்பது வருடமாக அதை எல்லாரிடமும் சொல்லியும் வந்தார்.

நேற்று, இப்போது அவர்கள் வாழும் டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்ட் நகர நூலகத்தில் அதே படம். முடிந்ததும், விளக்கம் சொல்ல வந்த டேனிஷ் பெண் திரையில் ஒரு புகைப்படத்தைப் போட்டாள். இளவரசியாக நடித்தவள், ஒப்பனைக்கு முன்: பொன்னிறக் கூந்தல், பால் வெள்ளை முகம். கதாநாயகனை முத்தமிட அப்போது வெள்ளைக்காரியைத்தான் விடுவார்களாம். அதனால் பழுப்பு மை பூசினார்களாம்.

தேவநாயகம் நாற்காலியை விட்டு எழுந்தார். "என்னை ஏமாத்திப்போட்டாங்களப்பா!"

"உங்களையோ?" என்றார் ரூத். "ஒரு வெள்ளைக்காரியை நினைச்செல்லோ என்னைக் கட்டியிருக்கிறியள்!"

அடுத்த புகைப்படத்தில், இளவரசிக்குப் பின்னால் ஒரு பணிப்பெண் விசிறி பிடித்து நின்றாள். படத்திலேயே அவள் ஒருத்திதான் உண்மையான ஆசியப் பெண் என்றாள் டேனிஷ்காரி.

"இந்தா, இவதான் நீர்! அச்சு அசல்!" என்று தேவநாயகம் துள்ளினார்.

ரூத் உற்றுப் பார்த்தார். "இவ படத்திலை ஏதும் கதைக்கிறவவோ?"

"இல்லை."

"ஓம், அப்ப நான்தான். அம்பது வருசமா நீங்களும் எனக்கு ஒரு வசனமும் தரேல்லை."

ரூத் கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ் தரிப்பிடத்துக்குத் தனியே நடந்தார்.