பதின்மூன்றாவது பொத்தான்

பக்கவாதம் வந்து நான்கு மாதமாகியும் என் கணவருக்குப் பேச்சு திரும்பவில்லை. நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் வாதாடியவர் இப்போது ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, பதில்தான் வருவதில்லை.

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புரோகிராம் எழுதுவது ஆசைக்குக் கற்றுக்கொண்டது. அந்த ஆசையை நம்பித்தான் டேப்லெட்டில் பன்னிரண்டு பெரிய பொத்தான்கள் செய்தேன். தண்ணீர், பசி, வலி, பாத்ரூம்... எதைத் தொட்டாலும் அது அவருக்காகப் பேசும்.

முதல் நாள் 'தண்ணீர்' தொட்டார். 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. கை தவறிப் பட்டுவிட்டால் என்ன செய்வதென்று ஒவ்வொரு பொத்தானுக்கும் நான் வைத்த கேள்வி அது. அவர் டேப்லெட்டைக் கவிழ்த்துவிட்டார்.

"தண்ணி கேக்குற மனுஷனைக் குறுக்கு விசாரணை பண்றீங்களே அண்ணி! அதுவும் ஒரு வக்கீலை!" என்று சிரித்தாள் நாத்தனார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றே அந்தக் கேள்வியை எடுத்தேன். எடுத்த இடத்தில், புரோகிராமுக்குள்ளேயே, ஒரு குறிப்பு எழுதினேன்: 'இங்கே உறுதி கேட்காதே. ஒரு விரலைத் தூக்க அவர் படும் பாட்டைப் பார்.' பகலில் அவரோடு இருப்பவள் நாத்தனார்தான். அவளுக்கும் புரிய வேண்டுமே என்று வரிக்கு வரி எழுதிவைத்தேன்: 'புதுப் பொத்தான் வேண்டுமா? இந்த வரியை நகலெடு. மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை மட்டும் மாற்று. பயப்படாதே, பழையதற்கு ஒரு பிரதி தனியே இருக்கிறது.'

ஒரு வாரமாகியும் அவர் டேப்லெட்டைத் தொடவில்லை.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் நாத்தனார் என்னைக் கூடத்திலேயே நிறுத்தி, டேப்லெட்டை நீட்டினாள்.

"உங்க பன்னெண்டு பட்டனும் ஒரு நோயாளி கேக்குறது அண்ணி. எங்க அண்ணன் கேக்குறது அதுல ஒண்ணுகூட இல்ல."

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு வரி. அதன் மேல் அவள் எழுதிய குறிப்பு: 'எழுத்து எழுத்தா நான் சொல்ல, அண்ணன் தலையாட்டினது. ரெண்டு மணி நேரம் ஆச்சு. அண்ணி, அழிச்சிடாதீங்க.'

மேற்கோள் குறிகளுக்குள் இருந்தது: 'என்னைக் கொஞ்ச நேரம் தனியா விடு.'

வேலை நேரம் போக அந்தக் கட்டிலை விட்டு நகராதவள் நான். ஒரே ஒரு வரி. அழிக்க ஒரு நொடி போதும். விரல் அங்கேயே நின்றது.

பிறகு உள்ளே போய் டேப்லெட்டை அவர் இடக்கைப் பக்கம் வைத்தேன். என் முகத்தையே பார்த்தார். விரல் மெதுவாக எழுந்து கடைசிப் பொத்தானில் இறங்கியது. அந்த இயந்திரக் குரல் சொல்லி முடிக்கும்வரை அவர் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரிங்க" என்றேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நாத்தனார் சோபாவில் நகர்ந்து இடம் விட்டாள். கால் நீட்டி உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.