சிவப்பு வட்டத்துக்குள்ள நிக்காதீங்க

கால் எலும்பில் விரிசல் விட்டு வீட்டோடு உட்கார்ந்த ஒரே வாரத்தில் பிரேக்கம்மா பாதித் தெருவைப் பகைத்துக்கொண்டாள்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்தக் காரில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்வதற்கு முன்பே அவள் கால் அதை மிதித்துவிடும், அதற்கும் முன்பே வாய் "பிரேக்!" என்று அலறிவிடும். பெயர் அப்படி வந்ததுதான். அடிபட்டதும் அதே காலில்தான், ஆனால் காரில் இல்லை. எத்தனையோ கத்துக்குட்டிகளோடு சாலைக்குப் போய் முழுசாகத் திரும்பியவள், மழை ஈரத்தில் ஸ்கூல் வாசற்படியில் வழுக்கி விழுந்தாள்.

முழங்கால் வரை மாவுக்கட்டு. இரண்டாம் மாடி பால்கனியில் நாற்காலியைப் போட்டு, கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கீழே வண்டி நிறுத்த வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

"ஒடிங்க! இன்னும் ஒடிங்க! அட, அந்தப் பக்கம் இல்லைங்க!"

மருந்துக்கடைக்காரர் ஒருநாள் காரை விட்டு இறங்கி, மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாளிலிருந்து அடுத்த தெருவில் நிறுத்தத் தொடங்கினார்.

அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். யார் வீட்டிலாவது ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டு அதன் பின்னால் படுத்திருக்கும்போதுதான் மனைவியின் போன் வரும். "அந்த ஸ்க்ரூ டிரைவர் செட்டை அளவு வாரியா அடுக்கி வெச்சிருக்கேன், திருப்பிக் கலைச்சிடாதீங்க." தாங்க முடியாமல் அவர் தம்பி மனைவிக்கு ஒரு போன் போட்டார்.

அந்த வீட்டில் மூத்த மருமகள் பிரேக்கம்மா பெரியவள் என்றால், இளைய மருமகளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலை ஷிப்ட் முடிந்தால் மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாள். வீடும் பக்கத்துத் தெருதான். ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பேச்சே இருந்ததில்லை. குடும்பம் கூடினால் "சாப்டாச்சா?" என்பாள் பெரியவள். "ஆச்சுக்கா" என்பாள் சின்னவள். அதோடு சரி. அவள் ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறாள் என்று பெரியவளுக்குத் தெரியும். பொழுது போகாதவர்களின் பொம்மை விளையாட்டு என்று நினைத்திருந்தாள்.

அந்தப் பொம்மை விளையாட்டைத்தான் சின்னவள் ஒரு மதியம் பழைய லேப்டாப்பில் ஏற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "மேகக்கோட்டை" என்று பெயர். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்களாம்.

"ஆளை முதல்ல உருவாக்கணும் அக்கா. ரொம்ப யோசிக்காதீங்க. முதல் ஆளு எப்படியும் தப்பாத்தான் அமையும்."

"தப்பா அமையறதுக்கு நான் எதுக்கு உருவாக்கணும்?" என்றாள் பெரியவள். மூக்கின் நீளத்தை மட்டும் அரை மணி நேரம் சரிபார்த்தாள். கேடயம் பிடித்த காவல்காரி, காயம் ஆற்றும் மருத்துவச்சி, நெருப்பு வீசும் மந்திரக்காரி என்று பலவகை இருந்தன. புதுசாக வருகிறவர்களுக்கு அடி தாங்குகிற காவல்காரிதான் நல்லது என்றாள் சின்னவள். மந்திரக்காரியின் அங்கி அழகாக இருந்ததால் பெரியவள் மந்திரக்காரியை எடுத்தாள். பெயர் கேட்ட கட்டத்தில், வேறு எதுவும் தோன்றாமல், பிரேக்கம்மா என்றே அடித்தாள்.

"போற இடத்துல நிறைய பொருள் கிடைக்கும், என்னன்னு தெரியாம விக்காதீங்க. ஊர்க்காரங்க பேசினா முழுசாப் படிங்க, என்ன செய்யணும்னு அதுலதான் இருக்கும். முக்கியமா, கிராமத்தை விட்டுத் தனியா வெளியே போகாதீங்க. நான் நாளைக்கு வர்றேன்."

"எனக்கே பாடமா?" என்று சிரித்து அனுப்பிவைத்தாள் பெரியவள்.

அன்று மாலைக்குள் அவளை ஒரு ஆடு கொன்றுவிட்டது. ஓநாய் இல்லை, பூதம் இல்லை, சாதாரண வீட்டு ஆடு. கிராமத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கிப் பார்த்ததில் ஆட்டின் மேல் நெருப்பு விழுந்துவிட்டது. அது திரும்பி வந்து ஒரே முட்டு. உயிர் பெற்று எழுந்தவள், கையிலிருந்த மந்திரக்கோலை விற்று இறகு வைத்த தொப்பி ஒன்று வாங்கினாள். தொப்பி அம்சமாக இருந்தது. கோல் இல்லாமல் மந்திரம் வராது என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் சின்னவள் வந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தது பெரியவளுக்கு நன்றாகவே தெரிந்தது. சின்னவள் தன் லேப்டாப்பை எதிரில் திறந்து, தன் ஆளை வரவழைத்தாள். கருப்புக் கவசம், ஆள் உயரக் கேடயம். அந்தப் பெண் கிராமத்துக்குள் நடந்து வந்ததும் தெருவில் நின்றவர்களெல்லாம் வணக்கம் போட்டார்கள். பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"இது நீயா?"

"ம். இந்தாங்க, புதுக் கோல். வாங்க, காட்டுக்குப் போய்ப் பழகுவோம். ஒண்ணே ஒண்ணு, தரையில சிவப்பு வட்டம் தெரிஞ்சா அதுக்குள்ள நிக்காதீங்க. அங்கதான் அடி விழப்போகுதுன்னு அர்த்தம்."

காட்டுக்குள் ஒரு மரப்பூதம் கையை ஓங்கியது. பிரேக்கம்மாவின் காலடியில் சிவப்பு வட்டம் விரிந்தது. அவள் அப்படியே நின்றாள். கை விழுந்தது, ஆள் காலி.

"அக்கா, ஏன் நின்னீங்க?"

"சிவப்புன்னா நிக்கணும்!" என்றாள் பெரியவள் கோபமாக. "என் வாழ்நாள் பூரா அதைத்தானே சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்!"

சின்னவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். இந்தப் பெண் இப்படிச் சிரிப்பாள் என்பதே பெரியவளுக்குப் புதுச் செய்தி. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

ஆனால் பொறுமை என்பது ஒரே மதியத்தில் வருகிற சமாச்சாரமா? அடுத்த நாள் சின்னவளுக்கு லேபில் வேலை இழுத்துக்கொண்டது. பெரியவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு, கண்ணெதிரே நல்ல சாலை ஒன்று போகிறதே, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினாள். சாலை மலையைச் சுற்றி, பாலம் தாண்டி, சாம்பல் நிறச் சதுப்பு ஒன்றில் இறங்கியது. அங்கிருந்த முதலைகள் அவளைவிட எத்தனையோ படி மேலே. ஒன்று கடித்தது. எழுந்தாள். இன்னொன்று கடித்தது. செத்தவர்கள் எழுந்திருக்கும் இடமும் அதே சதுப்பின் நடுவில்தான் இருந்தது. எந்தப் பக்கம் ஓடினாலும் முதலை.

அப்போது அந்த வழியாகக் குதிரையில் ஒருவன் வந்தான். அவள் குறுக்கே நின்றதில் அவன் குதிரை தடுக்கியது. "ஓட்டத் தெரியலைன்னா ஏன் ரோட்டுக்கு வர்றீங்க? ஓரமாப் போங்க" என்று திரையில் எழுதிவிட்டுப் போயே போய்விட்டான்.

பெரியவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இதே வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாறாமல் இதே வார்த்தையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! சொல்லும்போது அது ஒரு அக்கறை போலத்தான் இருந்தது. கேட்கும்போது காது சுட்டது.

சின்னவள் வந்தபோது லேப்டாப் மூடியிருந்தது.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. எடுத்துட்டுப் போயிடு."

சின்னவள் திறந்து பார்த்தாள். "சதுப்புக்கே போயிட்டீங்களா! நான் போக ஒரு மாசம் ஆச்சு. சரி, யார்கிட்டயாவது வழி கேட்டீங்களா?"

"கேக்கறதா? தெரியாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

"ஆமா, சொல்லணும். 'புதுசு, மாட்டிக்கிட்டேன்'னு எழுதுங்க. சும்மா எழுதுங்க அக்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சில நொடிதான். "எங்க இருக்கீங்க?" என்றது ஒரு பெயர். "அசையாதீங்க, வர்றேன்" என்றது இன்னொன்று. சோம்பேறி ஆமை என்ற பெயரில் ஒரு வில்லாளி வந்து, ஒவ்வொரு முதலையாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, பாலம் வரை அவளைக் கொண்டுவந்து விட்டான். போகும்போது, "தொப்பி சூப்பர்" என்று எழுதினான்.

"யாரு இவன்? எனக்கு எதுக்கு இவ்வளவு பண்றான்?"

"யாருக்குத் தெரியும்? எல்லாரும் ஒரு நாள் சதுப்புல மாட்டினவங்கதான்." சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். "நான் இதை ஆட ஆரம்பிச்சதே கல்யாணமான புதுசுலதான் அக்கா. நம்ம வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவீங்க. எந்த இடத்துல நுழையறதுன்னே எனக்குத் தெரியாது. இங்க வந்தா, 'புதுசா? வாங்க வாங்க'ன்னாங்க. அப்படியே ஒட்டிக்கிட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை; வானிலை சொல்வது போலத்தான் சொன்னாள். பெரியவள் கட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டிச் சமையலறைக்குப் போய், இரண்டு டீ போட்டாள். ஒவ்வொன்றாகத்தான் எடுத்துவர முடிந்தது. சின்னவள் எழுந்தபோது, "உட்காருடி, நான் கொண்டுவர்றேன்" என்றாள். "டி" தானாக வந்து விழுந்தது. இருவருமே அதைக் கவனித்தார்கள். இருவருமே கவனிக்காதது போல டீயைக் குடித்தார்கள்.

அடுத்த வாரம் பெரியவள் மந்திரக்காரியை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, மருத்துவச்சி ஒருத்தியை அதே பெயரில் உருவாக்கினாள். இந்த முறை மூக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. காயம் ஆற்றுகிறவளுக்கு அடிக்கிற வேலை இல்லை. பின்னால் நின்று மற்றவர்களின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் கைகால்களைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவளுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. கொஞ்சம் தேறியதும் சின்னவள் அவளைத் தன் குழுவோடு ஒரு குகைக்குக் கூட்டிப்போனாள். ஐந்து பேர், காதில் ஹெட்செட், எல்லோரும் பேசிக்கொள்ளலாம். ஆமையும் இருந்தான். குரலைக் கேட்டால் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் போல இருந்தது. விசாரித்ததில் ரொட்டிக் கடைக்காரராம்.

குகையின் கடைசியில் ஒரு கல் அரக்கி. சண்டை தொடங்கியதுமே பெரியவளுக்குப் பதற்றம். சின்னவளுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் வைத்தியம். ஆமைக்குத் தூசி பட்டாலும் வைத்தியம். பாதிச் சண்டையில் அவளுடைய மந்திர சக்தி சுத்தமாகத் தீர்ந்தது. அதற்குப் பிறகு அரக்கி போட்ட அடியில் ஒருவரும் மிச்சமில்லை.

"என்னாலதான்" என்றாள் பெரியவள்.

"ஆமா அக்கா, உங்களாலதான்" என்றாள் சின்னவள் சாதாரணமாக. "பரவாயில்லை. கொஞ்சம் அடி படட்டும் விடுங்க. நாங்க தாங்குவோம். நீங்க எடுத்த எடுப்புல பிரேக் போட்டுடறீங்க."

"பிரேக்கம்மான்னு பேரு வெச்சா வேற என்ன பண்ணுவாங்க?" என்றார் ஆமை. ஹெட்செட்டில் எல்லோரும் சிரித்தார்கள். காது சுடவில்லை, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மறுபடி போனார்கள். சின்னவளின் உயிர் மிச்சத்தைக் காட்டும் கோடு குறையக் குறையப் பெரியவளின் விரல் விசையின் மேல் துடித்தது. மேஜைக்கு அடியில் கட்டுப் போட்ட கால்கூட எதையோ மிதிக்கப் பார்த்தது. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. அரக்கி இரண்டு கையையும் சேர்த்து ஓங்கினாள். தரை முழுக்கச் சிவப்பு. "ஓடுங்க, வட்டத்தை விட்டு ஓடுங்க!" என்று அலறியது பெரியவளேதான். எல்லோரும் சிதறினார்கள், கேடயத்தோடு சின்னவள் மட்டும் அடியை வாங்கிக்கொண்டு நின்றாள். கோடு நூலளவு. அப்போது அமுக்கினாள். கோடு சடசடவென்று ஏறியது. அரக்கி சரிந்து விழுந்தாள்.

"அக்கா!" என்று எதிர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள் சின்னவள். "செம அக்கா!"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார் கணவர். மனைவியும் தம்பி மனைவியும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கத்துவதைப் பார்த்து, யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று கருவிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்குத்தான் பேச ஆளில்லாமல் போனது. சாப்பிடும்போது சதுப்பு, துணி மடிக்கும்போது பூதம். தம்பியும் தன் வீட்டில் அதே கதைதான் என்று போனில் புலம்பினான்.

ஒரு சாயங்காலம் அவர் சந்தோஷமாக வந்து சொன்னார்: "டாக்டர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு நாலு மணிக்குக் கட்டைப் பிரிச்சிடலாமாம்."

"நாளைக்கா?" பெரியவள் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தாள். "நாளைக்கு நாலு மணிக்கு டிராகன் இருக்கே!"

"என்ன இருக்கு?"

"காலையில முடியுமான்னு கேளுங்களேன்."

கேட்டார், பாவம். காலையிலேயே கட்டு பிரிந்தது. உள்ளிருந்து வெளுத்து மெலிந்து வந்த கால் யாருடையதோ போல இருந்தது. மதியம் சின்னவள் ஷிப்ட் முடிந்து நேராக இங்கேயே வந்துவிட்டாள். நாலு மணிக்கு டிராகன் வாயைத் திறந்து ஒரே ஒரு முறை ஊதியது. குழு மொத்தமும் கரி. ஹெட்செட்டில் ரொட்டிக் கடைக்காரர் இருமிக்கொண்டே, "யாராவது அது ஊதும்னு சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நமக்கு இது புதுசு. பழகிக்கலாம்" என்றாள் பெரியவள். நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.