சுவரொட்டியின் தேதி

விழுப்புரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், குழந்தைகள் நலம் பார்க்கும் பிரிவின் அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. எழுபத்திரண்டு வயதில் இரண்டு மாடி ஏறி வந்திருந்தேன். ஆனால் பக்கத்து நாற்காலியில் ஜெசிந்தா இருந்தாள். என் மகளைக் கூட்டிக்கொண்டு போன அலெக்ஸின் அக்கா. அவளுக்குச் சமமாக உட்காருவதற்கு நான் பிரம்மதேசத்திலிருந்து புறப்பட்டு வரவில்லை. துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நின்றேன். என் மகன் திருமுருகன் கதவருகே நின்றான்.

ஜெசிந்தாவின் மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தை. அஸ்வினி என்று பெயர் வைத்திருந்தார்கள். மார்ச் மாதம் புறவழிச்சாலையில் லாரி மோதி அலெக்ஸும் என் மகள் கலைப்பிரியாவும் போன பிறகு, திண்டிவனத்தில் ஜெசிந்தாதான் வளர்க்கிறாள். அன்றுதான் முதல்முறையாகக் குழந்தையைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக்கூடாது. கண்ணை ஜன்னல் பக்கமே வைத்திருந்தேன்.

அலுவலர் பிரபாவதி கோப்பைத் திறந்தாள்.

"ஐயா, இந்தம்மாவுக்கு ஷூ கம்பெனியில வேல. காலையில அஞ்சரைக்கு வண்டி வந்துடும். புள்ளைய அக்கம்பக்கத்துல விட்டுட்டுப் போறாங்க. அது சரிவராதுன்னு குழந்தைங்க நலக் கமிட்டி சொல்லிடுச்சு. தாத்தா பாட்டி வளர்த்தா குடுக்கற உதவிய இப்ப அத்தை, சித்தி வளர்க்கிற புள்ளைங்களுக்கும் குடுக்கலாம்னு ஆர்டர் வந்திருக்கு. பகல்ல காப்பகத்துல விடறதுக்கும் சேர்த்து. நாலு மணிக்குக் கமிட்டி உட்காருது. அதுக்குள்ள ஃபைல் முடியலன்னா புள்ளைய இல்லத்துலதான் சேக்கணும்."

"அதுக்கு நான் எதுக்கு?"

"உங்க பொண்ணு ரெண்டு தடவை செத்திருக்காங்க, ஐயா."

பிரபாவதி என் குடும்ப அட்டையின் நகலை என் பக்கம் திருப்பினாள். ஏழு வருடத்துக்கு முன், கலைப்பிரியா வீட்டைவிட்டுப் போன பதினாறாம் நாள், அவள் பெயரை அட்டையிலிருந்து எடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். இறந்துவிட்டாள் என்றேன். என் வார்த்தைக்கு மேல் காகிதம் கேட்கிற ஆள் அப்போது யாரும் இல்லை.

"செத்தவங்களுக்கு மூணு வருஷம் கழிச்சு எப்படிப் புள்ள பொறந்துச்சுன்னு கமிட்டி கேக்குது. இது அவங்க புள்ளதானான்னே கேள்வி வந்துடுச்சு. அந்தத் தேதியில உங்க பொண்ணு உயிரோட இருந்தாங்க, நீங்க குடுத்த தகவல் பொய், அஸ்வினி உங்க பேத்தி. இத உங்க கையால எழுதணும்."

"வாணாம்பா," என்றான் திருமுருகன். "இன்னிக்கி எழுதினா நாளைக்கி ஊரு முழுக்கத் தெரியும். வர்ற மாசம் எம் பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிக்கினு, மாப்ள வூட்டுல இன்னா சொல்றது?"

ஜெசிந்தா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"ஐயா, உங்க வாசப்படிய மிதிக்கமாட்டோம். நெலத்துல பங்கு கேக்கமாட்டோம். ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு மறுபடியும் தல முழுவிக்கோங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

"ஏய், யாருகிட்ட பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா?" என்று திருமுருகன் முன்னால் வந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

இப்படி ஒருத்தி என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் என்னைக் குத்தியது அவள் பேச்சு இல்லை. அட்டையில் பெயரை எடுத்த அதே நாள், உயிரோடிருந்தவளுக்கு நான் செய்த கருமாதி. திண்டிவனம் வரைக்கும் அவள் இறந்ததாகச் சுவரொட்டி ஒட்டியாயிற்று. தலையை மழித்துக்கொண்டு ஏரிக்கரையில் பிண்டம் வைத்துவிட்டு நின்றோம். காக்கை வரவில்லை. எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். நான் எதிர்க்கரையைப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் கலைப்பிரியா நின்றிருந்தாள். மஞ்சள் புடவை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியில் இறங்கி முழுகினேன். எழுந்தபோது பேருந்து போயிருந்தது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, திருமுருகனிடம்கூட.

மணி மூன்று இருபது.

"பேனா குடும்மா," என்றேன்.

திருமுருகன் படியிறங்கினான். கீழே அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நின்றுகொண்டு எழுத முடியாது. ஜெசிந்தாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தகவல் பொய் என்று எழுதினேன். 'மேற்படி தேதியில் என் மகள் கலைப்பிரியா உயிருடன் இருந்தாள். அவளை நான் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினேன். பிரபாவதி அந்த வரியில் விரல் வைத்தாள்.

"கண்ணால பார்த்தது எல்லாம் தேவையில்லயே, ஐயா."

"இருக்கட்டும்."

கடைசியில், அஸ்வினி என் பேத்தி என்று எழுதி, தாண்டவராயன் என்று கையெழுத்துப் போட்டேன்.

பிரபாவதி ஜெசிந்தாவிடம் திரும்பினாள். "அப்ப ஒட்டின நோட்டீஸ் ஒண்ணு இருக்குன்னீங்களேம்மா? அதையும் சேர்த்துட்டா கமிட்டி மேல கேக்காது. ஜெராக்ஸ் எடுத்துக்கினு குடுத்துடறேன்."

ஜெசிந்தா தயங்கினாள். "அது புள்ளகிட்ட இருக்குது மேடம். கலையே கிழிக்காம பொட்டியில வெச்சிருந்துச்சி. பெருசா இருக்கற போட்டோ அது ஒண்ணுதான். எதிர்ல விரிச்சி வெச்சாத்தான் இது சோறு துன்னும்."

குழந்தை தன் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் விரித்தது. மடிப்புகளில் நைந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த இரட்டைச் சடைப் படம், நானே தேடிக் கொடுத்தது. மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே தேதி, என் பெயர். என் பெயரின்மேல் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்கம்மா," என்றது என்னிடம்.

"நேரமாவுது ஐயா. புள்ளகிட்டேர்ந்து நீங்களே வாங்கிக் குடுங்க," என்றாள் பிரபாவதி.

குழந்தையை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டி ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். கிழிந்துவிடும் என்று இருவரும் இழுக்கவில்லை.