பெல்ட் போட்ட நாற்காலி

என் மனைவி அமிர்தத்துக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த அம்மா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உட்காரும் இடம் உயரமாக இருக்க வேண்டும், புதையக் கூடாது, இரண்டு பக்கமும் உறுதியான கை இருக்க வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த சோபா புதையும். பிளாஸ்டிக் சேரில் கையை ஊன்றினால் அதன் கால் விரியும். கட்டிலில் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தானாக எழுந்துவிடுவாள். அதனால் நாள் முழுக்கக் கட்டில்தான்.

என் லீவு முடியப் போகிறது. நான் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில், மண் சுமக்கும் கன்வேயர் பெல்ட் செக்‌ஷன். ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டால் வீட்டில் வேறு ஆள் கிடையாது. மகள் நந்தினி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அமிர்தம் தனியாக உட்கார்ந்து தனியாக எழுந்துவிட்டால் கவலை இல்லை. இல்லாவிட்டால் கம்மாபுரத்தில் அவள் அக்கா மலர்கொடி வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.

"அங்க போனா என்னைக் கட்டில்ல வச்சி ஊருக்கே காட்டுவா" என்றாள் அமிர்தம். "தங்கச்சியால எழுந்திரிக்கவே முடியல, நான்தான் தூக்கி வுடறேன்னு வரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிகினு இருப்பா. எனக்கு வாணாங்க அந்த வூடு."

மந்தாரக்குப்பத்தில் ஒரு பழைய சாமான் கடை. உயரமான நாற்காலி ஏதாவது கிடைக்குமா என்று போனேன். உடைந்த பீரோவுக்கும் ஒரு ஃபிரிட்ஜுக்கும் நடுவில் அது கிடந்தது. கனத்த தேக்கு. கை நுனியில் செதுக்கிய சுருள். மேலே ஒட்டியிருந்த மெரூன் ரெக்சின் கிழிந்து நார் தொங்கியது. சீட்டில் கையை வைத்தேன், தரை வரைக்கும் போனது. ஆனால் கைப்பிடி மட்டும் அசையவே இல்லை. எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். "புதுச்சேரி பக்கம் எதோ பங்களாவ இடிச்சாங்களாம்" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

குஷன் வேலை எனக்குத் தெரியாது. யூடியூபில் நாலைந்து வீடியோ பார்த்தேன். எல்லோரும் சுலபமாகத்தான் செய்தார்கள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் செங்குட்டுவன் என் செக்‌ஷன்தான். வேலியைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னாண்ணே, ராஜா யாராவது விருந்துக்கு வராரா?"

"உங்க அண்ணிதான் ராணி. நீ இந்தப் பக்கம் புடி, கவுக்கலாம்."

ரெக்சினைப் பிரித்தேன். அடியில் பச்சைத் துணி. அதையும் பிரித்தேன். அடியில் பூப்போட்ட கெட்டித் துணி. ஒவ்வொருவரும் முன்னால் இருந்ததைப் பிரிக்காமல் மேலேயே வேறொன்றை அடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே பஞ்சு, தேங்காய் நார், சாக்கு. சாக்கைத் தூக்கியதும் நானும் செங்குட்டுவனும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தோம்.

உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்த ஒன்பது ஸ்பிரிங். ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருப்பதோடு சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முன்னும் பின்னும், இடமும் வலமும், குறுக்கும்கூட. ஒன்றை அழுத்தினால் மற்றவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இறங்கின. ஒன்றுகூடச் சாயவில்லை.

அமிர்தம் கட்டிலில் இருந்தே குரல் கொடுத்தாள். "என்னாங்க, சத்தத்தையே காணோம்?"

"உள்ள ஒரு மெஷினே கீது அமிர்தம்."

"அப்ப பொறுமையா பிரிங்க. அப்பறம் மாட்டத் தெரியாம முழிக்காதீங்க."

ஸ்பிரிங்குகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. அவை நின்றிருந்த அடித்தளம்தான் போயிருந்தது. கட்டில் நாடா மாதிரி சணலில் நெய்த பட்டைகள், சட்டத்துக்குச் சட்டம் குறுக்கும் நெடுக்கும் பின்னி, ஓரத்தில் ஆணி அடித்திருந்தது. எல்லாம் இற்றுப்போய் அறுந்திருந்தன. புதுப் பட்டை போட வேண்டும்.

இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது.

நெய்வேலியைச் சுற்றி எந்த வீட்டில் பார்த்தாலும் பழைய கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டு இருக்கும். மிதியடி, மாட்டுக் கொட்டகைத் தரை, கேட்டுக்குக் கீல் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். லாரி லாரியாக மண்ணைச் சுமந்த பெல்ட், ஒரு பொம்பளையைச் சுமக்காதா?

"அண்ணே, சணலு எத்தினி நாளிக்கி? பெல்ட்டு போட்டா உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்" என்றான் செங்குட்டுவன். அவனே ஸ்கிராப் கடையில் மெல்லிய பெல்ட்டாகப் பார்த்து வாங்கி வந்தான். பட்டையாகக் கீறினோம். வீடியோவில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கையால் இழுத்தார்கள். நாங்கள் லாரியில் லோடு கட்டும் ராட்செட்டைப் போட்டு இழுத்தோம். விரலால் தட்டினால் தவில் மாதிரி சத்தம் வந்தது. பெரிய ஆணியாக அடித்தோம். எங்களுக்கு ரொம்பத் திருப்தி.

மேலே ஸ்பிரிங், கயிறு, சாக்கு, நார் எல்லாம் பழையபடி வைத்து, தற்காலிகமாக ஒரு போர்வையை இழுத்துக் கட்டி, அமிர்தத்தைக் கூட்டி வந்தேன். உட்கார்ந்தாள். கைப்பிடியில் கையை ஊன்றினாள். எழுந்தாள்.

"இன்னொரு தபா" என்றாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. செங்குட்டுவன் விசில் அடித்தான்.

மூன்றாவது தடவை உட்கார்ந்து, கையை ஊன்றி, பாதி எழுந்தபோது டப்பென்று சத்தம். வலது பக்கக் கைப்பிடி சட்டத்தோடு உள்பக்கம் சரிந்தது. பாய்ந்து அக்குளில் கையைக் கொடுத்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் கட்டில் வரைக்கும் அவள் என் தோளில் இருந்து கையை எடுக்கவில்லை. கட்டிலில் கொண்டுபோய் விட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்காவுக்கு போன் பண்ணிடுங்க" என்றாள்.

அன்றைக்கு அவள் ஜன்னல் கம்பியைக்கூட நம்பவில்லை. ஒவ்வொரு தடவை எழும்போதும் என் கையைக் கேட்டாள். என்னை உறுத்தியது நாற்காலி இல்லை, அதுதான்.

நான் போன் செய்யவில்லை. நாற்காலியை மறுபடி கவிழ்த்தேன். மரம் உடையவில்லை. முன்காலில் செருகியிருந்த சட்டத்தின் முனை பசை விட்டுக் கழன்று வந்திருந்தது. அதைவிட ஆச்சரியம், சட்டங்கள் நாலும் லேசாக உள்பக்கம் வளைந்திருந்தன. எது இழுத்தது? அமிர்தம் உட்கார்ந்தது கீழ்நோக்கித்தானே?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் துணி காயப்போடும் கொடியில் ஈரப் போர்வையைப் போட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. கொடி தொய்வாக இருந்தால் போர்வையைத் தாங்கி, கொஞ்சம் இறங்கிக்கொடுக்கும். விறைப்பாகக் கட்டினால் அது இறங்காது, இரண்டு பக்கக் கம்பத்தையும் உள்ளே இழுக்கும். மைன்ஸில் பெல்ட்டை விறைப்பாக இழுக்கிறோம் என்றால், இரண்டு முனையிலும் கான்கிரீட்டில் நட்ட இரும்பு இருக்கிறது. இங்கே இருப்பது பசை போட்டு ஒட்டிய நாலு கட்டை.

குப்பையில் போட்டிருந்த பழைய சணல் பட்டையை எடுத்து வந்து பார்த்தேன். ஓரத்தை மடித்து, அரை விரல்கூட இல்லாத சின்னச் சின்ன ஆணியாக அடித்திருந்தார்கள். இவ்வளவு பெரிய நாற்காலிக்கு ஏன் இத்தனை சின்ன ஆணி என்று பிரிக்கும்போதே நினைத்தேன். இப்போது புரிகிற மாதிரி இருந்தது. பாரம் மிஞ்சினால் முதலில் ஆணி பெயர்ந்து வந்துவிடும். மரம் பிழைக்கும். வீட்டில் ஃபியூஸ் போகிற மாதிரிதான்.

செங்குட்டுவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்ப நாம ஃபியூஸுக்குப் பதிலா கம்பியப் போட்டுட்டமாண்ணே?"

"கம்பி இல்லடா, கடப்பாரை."

பெல்ட்டைக் கழற்றினோம். சட்டத்தைச் செருகி, பசை போட்டு, கயிற்றால் முறுக்கிக் கட்டிக் காயவிட்டேன். சணல் பட்டை இங்கே கிடைக்கவில்லை. கெட்டியான கட்டில் நாடாவை இரட்டையாக மடித்துப் போட்டேன். கையால் மட்டும் இழுத்தேன். சின்ன ஆணி. சீட்டு முன்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்ததால், நாற்காலிக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். நானே பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தேன். சட்டம் வளையவில்லை.

என் லீவில் அது கடைசி நாள். அமிர்தம் வர மாட்டேன் என்றாள்.

"அன்னிக்கும் நல்லாத்தான் இருந்திச்சி."

"அன்னிக்கி தப்பா போட்டேன். இன்னிக்கி அது எப்பிடின்னு தெரிஞ்சி போட்டிருக்கேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா?"

அது சரிதானே என்று பட்டது. சாக்கு, நார் எதையும் போடாமல், திறந்த நாற்காலியை அப்படியே கட்டில் பக்கம் இழுத்து வந்தேன். செங்குட்டுவனை உட்கார வைத்தேன். ஸ்பிரிங் குத்துகிறது என்று கத்தினான்.

"கத்தாம உக்காரு தம்பி, பாத்துகினு இருக்கேன்" என்றாள் அமிர்தம். கட்டிலில் இருந்து குனிந்து, போன் லைட்டை அடித்து அடியில் பார்த்தாள். "எழுந்திரி... உக்காரு... மெதுவா. இந்த நாடா இறங்குது பாருங்க. அதுக்கப்பறம்தான் ஸ்பிரிங்கே வேல செய்யுது." பெல்ட் துண்டை எடுத்து வரச் சொல்லி, அதையும் வளைத்துப் பார்த்தாள். கழன்ற இடத்தில் விரலை வைத்து இடுக்கு இருக்கிறதா என்று தடவினாள். செங்குட்டுவனை எத்தனை தடவை உட்கார்ந்து எழ வைத்தாள் என்று கணக்கில்லை.

"அண்ணி, எனக்கே முட்டி ஆபரேஷன் பண்ணணும்போல" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிப் போனான்.

"மேல சாக்கையும் நாரையும் மட்டும் போடுங்க" என்றாள். "கவர் வாணாம். எதாவது கழண்டா எனக்குக் கண்ணுல தெரியணும்."

போட்டேன். கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். நாற்காலிக்கு முன்னால் நின்று என் கையை விட்டாள்.

"நீங்க கேட்டாண்ட போயி நில்லுங்க."

"ஐயோ, வுழுந்துட்டா?"

"வுழுந்தா கூப்புடறேன். நீங்க பக்கத்துல இருந்தா என் கை உங்களத்தான் தேடுது. போங்க."

போனேன். கேட்டுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றேன். ஷிஃப்ட் பஸ்ஸுக்குப் போகிற ஆட்கள் என்னவோபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் உள்ளே கேட்டது. உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அதே சத்தம் பாதி மேலே வந்து, மறுபடி கீழே போனது. என் கால் தானாகத் திரும்பியது. கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் கூப்பிடவில்லை.

பிறகு சத்தம் நிதானமாக, முழுசாக மேலே வந்தது. செருப்பைத் தரையில் தேய்க்கும் ஓசை. கதவுத் திரை விலகியது.

"உள்ள வாங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். நிலைப்படியில் கை வைத்திருந்தாள், ஆனால் பிடித்திருக்கவில்லை. "அக்காவுக்கு நானே பேசிடறேன். கவருக்கு நீங்க ஒண்ணும் எடுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும், குறிஞ்சிப்பாடிக்குப் போயி கைத்தறியில நானே பாத்து எடுக்கறேன்."

"அவ்ளோ தூரமா? பஸ்ஸுல எப்பிடி ஏறுவ?"

"அதாங்க" என்றாள். "டவுன் பஸ்ஸு படி எவ்ளோ ஒசரம் இருக்கும்? நாளிக்கி ஷிஃப்ட்டு முடிஞ்சி வரும்போது அளந்துகினு வாங்க, அதே ஒசரத்துக்குக் கட்டை போட்டு இங்கியே ஏறிப் பழகறேன்."