முதல் ரகச் சிவப்பு

லேத் பட்டறைக்காரர் பிளாஸ்டிக் டிரம்மின் மூடியைத் திறந்தபோது உள்ளே கிடந்த மீன் காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருந்தது. முழங்கை நீளம். உடம்பெங்கும் காசு காசாகச் செதில், தாடையில் இரண்டு மீசை. அரோவானாதான், சந்தேகமில்லை. மூன்று வருடத்துக்கு முன் இதை விரல் நீளக் குஞ்சாக நான் வேலை பார்க்கும் அலங்கார மீன் கடையில் அவர் வாங்கிப் போனபோது, வளர வளர ரத்தச் சிவப்பாகும் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அந்த அட்டையை லாமினேட் செய்து வைத்திருந்தார். 'முதல் ரகச் சிவப்பு.' கீழே என் கையெழுத்து, அதற்கும் கீழே பி.எஸ்சி. விலங்கியல். கடையின் பெயர் எங்கேயும் இல்லை. அதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை எனக்கு நன்றாக வரும். அவர் பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி நின்றார்.

"நான் எங்க தப்பு பண்ணேன் மேடம்? நீங்க சொன்ன எறாதான் போட்டேன். வெளிச்சம் பட்டாதான் நிறம் ஏறும்னாங்க, மூணு வருஷமா லைட்ட அணைக்கவே இல்ல. எங்களுக்கு ஒரே ரூம்தான். புள்ளைங்க கண்ணு மேல துண்டப் போட்டுக்கிட்டுத் தூங்குதுங்க."

மேடமாம்.

துடுப்பைப் பார்த்தேன். மஞ்சள். பிறந்ததிலிருந்தே மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அந்த டிகிரிக்காக எனக்குக் காட்டிய மீன்களெல்லாம் பார்மலின் பாட்டிலில் வெளுத்துக் கிடந்தவை. முள்ளை எண்ணச் சொன்னார்கள், செதிலை எண்ணச் சொன்னார்கள். உயிருள்ள மீனின் நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. முதல் ரகத்துக்கும் கடைசிவரை சிவக்காத மட்ட ரகத்துக்கும் முள் கணக்கு ஒன்றுதான். குஞ்சிலேயே பிரிக்க வேண்டுமென்றால் வெள்ளைப் பேசினில் விட்டு, பகல் வெளிச்சத்தில் துடுப்பைப் பார்க்க வேண்டும். நான் தொட்டியிலேயே பார்த்தேன். மேலே ரோஸ் டியூப் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் என் நகம்கூடச் சிவப்புதான். அதைக்கூட யோசிக்காமல், அவ்வளவு பெருமையாக எழுதினேன்.

"இன்னும் ஒரு வருஷம் பாருங்க தம்பி. சிலதுக்கு மெதுவாத்தான் ஏறும்."

சொன்னது அப்பா. இதே கடையில் இருபத்திரண்டு வருடமாகத் தொட்டி கழுவுகிறவர். தரையைப் பார்த்துச் சொன்னார். சாப்பிடாமலே சாப்பிட்டாச்சு என்று சொல்லும்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

"அப்பா, உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

கையிலிருந்த பஞ்சைப் பிழிந்தார்.

"தெரியுமான்னு கேக்குறேன்ல."

"அந்த டியூப மாட்டினதே நான்தான் பாப்பா. மொதலாளி உன்ன விட்டு எழுத வைப்பாருன்னு நெனக்கல. எழுதிட்டு என்கிட்ட ஓடி வந்து காட்டின... அவ்ளோ சந்தோஷமா இருந்த. அப்ப எப்படிச் சொல்றது?"

"டிகிரி! அங்க என்ன சத்தம்?"

முதலாளி வந்தார். கடையில் எனக்கு அவர் வைத்த பெயர் அதுதான். அட்டையை வாங்கி, மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரு தரம் படித்துவிட்டு லேத்காரரிடமே நீட்டினார்.

"படிச்ச புள்ள பாத்துச் சொல்லிருக்கு. நான் எட்டாவது ஃபெயிலு, நான் என்னத்தக் கண்டேன்?"

சிரித்துக்கொண்டே கல்லாவுக்குப் போய்விட்டார். செருப்பைக் கழற்றி எறிந்திருக்கலாம். வீட்டுக்கு வருகிற இரண்டு சம்பளமும் இந்த ஆள் கையிலிருந்துதான்.

"அண்ணே, இது செவக்காது. நீங்க ஒரு தப்பும் பண்ணல. இது பொறந்ததே வேற ரகம். தப்பா எழுதினது நான்."

அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது டிரம்முக்குள் திரும்ப இடமில்லாமல் வாலை மடக்கி நின்றது.

"அப்ப இனிமே லைட்ட அணைச்சிரலாமா மேடம்?"

"அணைச்சிருங்கண்ணே."

அட்டையைக் கேட்டுக் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதே மாதிரி இன்னும் எத்தனை எழுதியிருப்பேன் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, நாற்பதில் நிறுத்திக்கொண்டேன்.

டிரம்மை அவர் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். வாசலில் ஆட்டோவில் ஏற்றும்போது மீன் ஒரே அடி அடித்தது. பாதித் தண்ணீர் அப்பாவின் நெஞ்சில் விழுந்தது. லேத்காரர் உள்ளே உட்கார்ந்து, டிரம்மை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். ஆட்டோ போய்விட்டது. அப்பா திரும்பவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, தண்ணீர் சொட்டச் சொட்ட நடுத்தெருவில் நின்றார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து அடித்து, பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு போயின.